மூளைக்கு வியாதி, மருந்து ஏன் ரத்தத்துல?

போன மாசம் எங்க குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, உலகத்துலயே விலை கூடின மருந்து, ஒரு தடவை போட 35 கோடின்னு. வழக்கம்போல எல்லாரும் அந்த ரூபாய பாத்து வாய பொளந்துட்டு போயிட்டாங்க. எங்க சித்தி மட்டும் கேட்டாங்க, "ஏம்பா, வியாதி மூளையிலங்கிற, அப்புறம் எதுக்கு பிள்ளையோட ரத்தத்த எடுத்து எதோ பண்ணி திரும்ப ஏத்துறாங்க?" அதான் சரியான கேள்வி. பதில குரூப்ல டைப் பண்ண ஆரம்பிச்சு நீண்டு போச்சு, அதனால இங்க முழுசா எழுதிடுறேன்.

வியாதியோட பேரு மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரஃபி. வாயில நுழையாது, சுருக்கமா எம்எல்டி. பேர பாத்து பயப்பட வேணாம், மெட்டாகுரோமேட்டிக்னா நிறம் மாறுதுன்னு அர்த்தம், அவ்ளோதான். அந்த காலத்துல டாக்டர்ங்க இந்த வியாதி வந்தவங்க நரம்ப வெட்டி நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப, உள்ள தேங்கி இருந்த ஒரு பொருள் மட்டும் சாயத்தோட நிறத்துல இல்லாம வேற நிறத்துல தெரிஞ்சுது, அந்த பேரே நின்னுடுச்சு. தேங்கி இருந்த பொருளுக்கு பேரு சல்ஃபடைடு. அது ஒண்ணும் விஷம் கிடையாது, ஒருவகை கொழுப்பு, உங்க என் மூளையிலயும் இருக்கு. நரம்பு ஒயர் மாதிரின்னா அது மேல சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி ஒண்ணு இருக்கு, மையலின்னு சொல்வாங்க, அந்த உறைய செய்யற சரக்குல இந்த சல்ஃபடைடும் ஒண்ணு.

உடம்பு எதையும் ஒரு தடவை செஞ்சு அப்படியே விட்டுடாது. பழச பிரிக்கும், புதுச கட்டும், தினமும் இதான் வேலை. பழைய சல்ஃபடைட பிரிக்கிறதுக்கு ஒரு என்சைம் இருக்கு, ஆரில்சல்ஃபடேஸ் ஏ. செல்லுக்குள்ள லைசோசோம்னு ஒரு சின்ன பை, அதுக்குள்ள உக்காந்து வேலை பாக்கும். இந்த என்சைம எப்படி செய்யணும்ங்கிற குறிப்பு 22ஆவது குரோமோசோம்ல இருக்கிற ஒரு ஜீன்ல எழுதியிருக்கு. அந்த குறிப்புல பிழை இருந்தா என்சைம் வராது, இல்ல வந்தாலும் வேலை செய்யாது, சல்ஃபடைடு தேங்கிக்கிட்டே போகும், கடைசியில மையலின் அழிஞ்சு போகும். மூளையிலயும் அழியும், கை கால் நரம்புலயும் அழியும்.

ஜீன் நமக்கு ரெண்டு பிரதி, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு சமாளிச்சிடும், அந்த ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, தனக்கு இப்படி ஒரு பிழை இருக்குன்னே தெரியாம எண்பது வயசு வரைக்கும் இருந்துட்டு போயிடுவார். அந்த மாதிரி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டாதான் சிக்கல், ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு ரெண்டு பிரதியும் கெட்டதா அமையறதுக்கு. (மாமன் மகள், அக்கா மகள்னு சொந்தத்துலயே கட்டுற வழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்குல்ல, ஒரே தாத்தா பாட்டி வழியா அதே பிழை ரெண்டு பக்கமும் வந்து சேர்ற வாய்ப்பு அங்க கூடும், அத சொன்னா எங்க வீட்டு பெரியவங்களுக்கு கோவம் வரும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.) உலக அளவுல பாத்தா 40 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சம் பிறப்புக்கு ஒண்ணுன்னு கணக்கு சொல்றாங்க.

இதுல ரொம்ப கொடுமையானது சின்ன குழந்தைங்களுக்கு வர்ற வகை. பொறந்தப்ப எல்லாம் சரியா இருக்கும். குப்புற விழும், தவழும், ஒரு வயசுல நடக்கும், அம்மா அப்பான்னு பேசும். ஒன்றரை ரெண்டு வயசு வாக்குல நடக்கிற குழந்தை தடுமாற ஆரம்பிக்கும், குதிகால் தரையில படாம நுனிக்கால்ல நடக்கும், வீட்ல செருப்பு சரியில்லைம்பாங்க, கால்சியம் கம்மிம்பாங்க. சில மாசத்துல நடை போயிடும், பேச்சு போயிடும், விழுங்க முடியாது, வலிப்பு வரும். கத்துக்கிட்ட எல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப போகும். கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு வர்ற வகை மெதுவா போகும், பெரியவங்களுக்கு வர்ற வகை அதவிட மெதுவு.

சரி, என்சைம்தான் இல்லைன்னா வெளியில செஞ்சு ஊசியா போட்டா என்ன? நல்ல யோசனை, இதே குடும்பத்த சேர்ந்த வேற சில வியாதிகளுக்கு அப்படித்தான் செய்யறாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா டிரிப்ஸ்ல என்சைம் ஏத்துவாங்க. ஆனா மூளைக்கு அது போய் சேராது. மூளைக்கு போற ரத்தக் குழாயோட சுவர் மத்த இடத்துல இருக்கிற மாதிரி இல்ல, செல்லுங்க இடைவெளி இல்லாம ஒட்டி இருக்கும், கண்டதையும் உள்ள விடாது. நம்ம அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி மாதிரி வச்சுக்கங்க. பார்சல் கொண்டு வர்ற பையன கேட்லயே நிறுத்திடுவார், எவ்ளோ அவசரம்னாலும் உள்ள விட மாட்டார். என்சைம் அந்த பார்சல். கேட்டுக்கு வெளியில எத்தனை பார்சல் குவிஞ்சாலும் நாலாவது மாடியில இருக்கிறவங்களுக்கு பசிதான்.

ஆனா அதே கேட் வழியா வீட்டு வேலை செய்யற அக்கா தினமும் உள்ள போறாங்க வராங்க. அவங்கள யாரும் நிறுத்துறது இல்ல. ரத்தத்துலயும் அப்படி சில பேர் இருக்காங்க, மோனோசைட்னு ஒரு வகை வெள்ளையணு. எலும்பு மஜ்ஜையில பொறந்து ரத்தத்துல சுத்தி, தேவைப்பட்ட உறுப்புக்குள்ள புகுந்து அங்கயே தங்கி குப்பை அள்ளுற செல்லா மாறிடும். சில சூழ்நிலையில இதோட வம்சாவளி செல்லுங்க மூளைக்குள்ளயும் போய் தங்கும். மூளையில ஏற்கனவே மைக்ரோக்ளியான்னு துப்புரவு செல்லுங்க உண்டு, அதுங்க கரு உருவான ஆரம்ப நாள்லயே மூளைக்குள்ள குடியேறுன பழைய குடும்பம், இடத்த லேசுல காலி பண்ணாது. ஆனா கொஞ்சம் இடம் காலியாச்சுன்னா, ரத்தத்துல இருந்து வர்ற செல்லுங்க அந்த இடத்த பிடிச்சு ஏறக்குறைய அதே வேலைய பாக்கும். சித்தி கேட்ட கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு. மருந்த மூளைக்கு அனுப்ப முடியாது, ஆனா மருந்து செய்யற ஆள அனுப்பலாம்.

மீதி பாதி பதில் 1968ல அமெரிக்காவுல பெத்தெஸ்டாங்கிற ஊர்ல கிடைச்சது. எலிசபெத் நியூஃபெல்டுன்னு ஒரு விஞ்ஞானி, அவங்க கூட இருந்தவங்களும் சேர்ந்து, ஹர்லர், ஹன்டர்னு ரெண்டு வேற வேற வியாதி, ரெண்டுமே என்சைம் இல்லாம குப்பை தேங்குற வகைதான், அந்த ரெண்டு நோயாளிங்களோட தோல் செல்ல ஒரே தட்டுல சேத்து வளத்தாங்க. தனித்தனியா வச்சா ரெண்டும் நோயாளி செல். சேத்து வச்சப்ப ரெண்டுமே சரியாயிடுச்சு! எப்படின்னா ஒவ்வொரு செல்லும் தான் செய்யற என்சைம்ல கொஞ்சத்த வெளியில விடுது, பக்கத்துல இருக்கிற செல் அத எடுத்து தன்னோட லைசோசோம்ல போட்டுக்குது. இவன்கிட்ட இல்லாதது அவன்கிட்ட இருக்கு, அவன்கிட்ட இல்லாதது இவன்கிட்ட. நம்ம ஊர்ல ஒரு வீட்ல மீன் குழம்பு வச்சா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும்ல, அதே கதை. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்சது இந்த ஒரு சோதனைதான், ஏன்னா இதுக்கு அர்த்தம் என்னன்னா மூளையில இருக்கிற எல்லா செல்லையும் நீங்க சரி பண்ண வேண்டியது இல்ல, தெருவுக்கு ஒரு வீட்ல அடுப்பு எரிஞ்சா போதும்.

இத வச்சுத்தான் 1980கள்ல எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைய இந்த வியாதிங்களுக்கு செஞ்சு பாக்க ஆரம்பிச்சாங்க, லண்டன்ல ஒரு ஹர்லர் குழந்தைக்கு செஞ்சது 1981ல வெளிவந்துச்சு. இன்னொருத்தரோட ஆரோக்கியமான மஜ்ஜை, அதுல இருந்து வர்ற மோனோசைட்டு, அது கொண்டுபோற என்சைம். அப்புறம் தொப்புள்கொடி ரத்தம் வந்துச்சு. எம்எல்டிக்கு பங்காளி மாதிரி கிராபேன்னு ஒரு வியாதி, அதுவும் மையலின தின்னுற வகை, அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல அந்த வியாதி உள்ள குழந்தைங்களுக்கு முன்பின் தெரியாத யாரோ தானமா குடுத்த தொப்புள்கொடி ரத்தத்த ஏத்தி 2005ல முடிவ வெளியிட்டாங்க. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி, பொறந்த கையோட செஞ்ச 11 குழந்தைங்களும் அப்ப வரைக்கும் உயிரோட இருந்தாங்க. அறிகுறி வந்தப்புறம் செஞ்ச 14 பேர்ல 43 சதவீதம்தான் பிழைச்சாங்க, பிழைச்சவங்களுக்கும் பெருசா முன்னேற்றம் இல்ல. முதல் கூட்டத்துலயும் பல பேருக்கு வளர வளர நடையில பேச்சுல சிரமம் வந்துச்சு. இந்த ரிசல்ட்ட மனசுல வச்சுக்கங்க, பின்னாடி மறுபடி வரும்.

அடுத்தவங்க மஜ்ஜைல ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, பொருத்தம் கிடைக்கணும், கிடைச்சாலும் வந்த செல் இந்த உடம்ப அந்நியம்னு நினைச்சு தாக்கும், அதுலயே குழந்தைங்க செத்துப்போறது உண்டு. ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கம். மூளைக்குள்ள போய் சேர்ற செல் எண்ணிக்கையில கம்மி, போறதுக்கும் மாசக்கணக்கு ஆகும், ஒவ்வொரு செல்லும் சாதாரண அளவுதான் என்சைம் செய்யும். நாலு பேருக்கு வச்ச குழம்புல எத்தனை வீட்டுக்கு கிண்ணம் அனுப்புறது? சின்ன குழந்தைங்களுக்கு வர்ற வேகமான எம்எல்டிக்கு இது பத்தவே இல்ல.

இங்கதான் இத்தாலி மிலான்ல சான் ரஃபேலே ஆஸ்பத்திரியோட சேர்ந்த டெலிதான் நிறுவனம் வருது. லூயிஜி நால்தினி, அலெஸ்ஸாண்ட்ரா பிஃபின்னு ரெண்டு பேரோட டீம் என்ன யோசிச்சாங்கன்னா, அடுத்தவங்க செல் எதுக்கு, குழந்தையோட சொந்த ஸ்டெம் செல்லயே, அதாவது மஜ்ஜையில ரத்த அணுங்கள உருவாக்குற தாய் செல்லயே எடுத்து, அதுல சரியான ஜீன வச்சு, அதுவும் சாதாரண ஆள்கிட்ட இருக்கிறத விட பல மடங்கு என்சைம் செய்யற மாதிரி வச்சு, திரும்ப குடுத்தா? அண்டாவுல வச்சா தெருவுக்கே பத்தும்ல. 2010ல பரிசோதனையா ஆரம்பிச்சாங்க, முதல் மூணு குழந்தைங்களோட முடிவு 2013ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு.

செய்முறைய சொல்றேன். முதல்ல குழந்தைக்கு சில நாள் ஒரு ஊசி போடுவாங்க, மஜ்ஜையில இருக்கிற ஸ்டெம் செல் கிளம்பி ரத்தத்துக்கு வரும். ரத்தத்த ஒரு மெஷின் வழியா ஓட்டி அந்த செல்ல மட்டும் பிரிச்சுக்கிட்டு மீதிய உடம்புக்கே திருப்பி விட்டுடுவாங்க. பிரிச்ச செல் லேபுக்கு போகும். அங்க ஜீன உள்ள கொண்டுபோற வண்டி ஒரு வைரஸ், லென்டிவைரஸ், அதோட பூர்வீகம் எச்ஐவி. ஆமா அதே எச்ஐவிதான். பதறாதீங்க, நோய் உண்டாக்குற பாகம், பெருகுற பாகம் எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் கூடு மட்டும்தான் மிச்சம் வச்சிருக்காங்க, செல்லோட டிஎன்ஏக்குள்ள போய் எழுதுற அந்த ஒரு திறமைக்காக. (இதுல ஒரு வேடிக்கை, இந்த சிகிச்சை எடுத்த குழந்தைக்கு பின்னாடி எப்பவாவது ஒரு வகை எச்ஐவி டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னு தப்பா காட்டலாம், அதனால பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுவாங்க.)

ஜீன் ஏறுன செல்ல உறைய வச்சு டெஸ்ட் பண்ணி ஆஸ்பத்திரிக்கு திருப்பி அனுப்புவாங்க. இப்பதான் கஷ்டமான கட்டம். புது செல் உக்காரணும்னா பழச காலி பண்ணணும். பால்ல ஒரு ஸ்பூன் உறை மோர் விட்டா காலையில பானை முழுக்க தயிர் ஆயிடும், ஸ்டெம் செல்லும் அப்படித்தான், கொஞ்சம் போய் உக்காந்தா போதும் ஆயுசுக்கும் ரத்தம் செய்யும், ஆனா பழைய தயிர் அப்பிக்கிட்டு இருக்கிற பானையில உறை ஊத்தி என்ன பிரயோஜனம், முதல்ல பானைய நல்லா தேச்சு கழுவணும். அந்த கழுவுற வேலைய செய்யறது பியூசல்ஃபான்ங்கிற கீமோ மருந்து. அது மஜ்ஜைய காலி பண்றது மட்டும் இல்லாம மூளைக்குள்ளயும் போய் அங்க இருக்கிற பழைய துப்புரவு செல்லுங்கள கொஞ்சம் குறைச்சு இடம் பண்ணிக் குடுக்குது, அதனாலதான் இதுக்கு இந்த மருந்தையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. பக்க விளைவும் இருக்கு, முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், வெள்ளையணு அடியோட குறைஞ்சு காய்ச்சல் வரும், பிற்காலத்துல குழந்தை பொறக்கிற வாய்ப்பும் பாதிக்கப்படலாம். அதுக்கப்புறம் அந்த 35 கோடி மருந்து ஒரு சின்ன பையில வந்து டிரிப்ஸ் மாதிரி ஏறி முடிஞ்சிடும், பாக்க ஒண்ணுமே இருக்காது, ரத்தம் ஏத்துற மாதிரிதான். புது செல் பிடிச்சு ரத்த அணு ஏறுற வரைக்கும் வாரக்கணக்குல தனி ரூம்ல இருக்கணும்.

பலன் என்ன? அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2024 மார்ச்ல இந்த மருந்துக்கு லென்மெல்டிங்கிற பேர்ல அனுமதி குடுத்தப்ப 37 குழந்தைங்களோட விவரத்த பாத்தாங்க. (ஐரோப்பாவுல 2020 டிசம்பர்லயே லிப்மெல்டிங்கிற பேர்ல அனுமதி ஆச்சு.) அறிகுறி வர்றதுக்கு முன்னாடி சிகிச்சை எடுத்த, சின்ன வயசு வகை குழந்தைங்க எல்லாருமே 6 வயசுல உயிரோட இருந்தாங்க, சிகிச்சை இல்லாத குழந்தைங்கள்ல அந்த வயசுல இருந்தது 58 சதவீதம். 5 வயசுல 71 சதவீதம் பேர் யாரும் பிடிக்காம தானா நடந்தாங்க. 85 சதவீதம் பேருக்கு பேச்சும் அறிவுத்திறனும் அந்த வயசுக்கு உரிய அளவு. சிகிச்சை இல்லாம போனா ஒன்றரை வயசுல தடுமாறுற குழந்தைங்க இவங்க, அத நினைச்சுட்டு இந்த 71ஐ பாருங்க.

ஆபத்து பத்தி மறைக்கக் கூடாது. டிஎன்ஏக்குள்ள ஜீன் எங்க போய் ஒட்டும்னு நம்ம கையில இல்ல, தப்பான இடத்துல ஒட்டி பக்கத்துல இருக்கிற ஜீன தூண்டி விட்டுட்டா ரத்தப் புற்றுநோய் வரலாம். இது வெறும் பயம் இல்ல. அட்ரினோலூக்கோடிஸ்ட்ரஃபின்னு இதே மாதிரி மையலின அழிக்கிற வியாதி, பெரும்பாலும் ஆம்பளை பிள்ளைங்களுக்கு வரும், அதுக்கும் இதே முறையில ஒரு ஜீன் சிகிச்சை இருக்கு, அத எடுத்துக்கிட்ட 67 பேர்ல 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்துச்சுன்னு 2024ல வெளியிட்டாங்க. அந்த மருந்துல ஜீன ஓட வைக்கிற சுவிட்ச் வைரஸ்ல இருந்து எடுத்தது, ரொம்ப பலமானது, எம்எல்டி மருந்துல மனுச ஜீன்ல இருந்து எடுத்த சாதுவான சுவிட்ச். எஃப்டிஏ அனுமதி குடுத்த நேரம் வரைக்கும் எம்எல்டி மருந்துல ஒருத்தருக்கும் புற்றுநோய் வரல, ஆனாலும் ஆயுசு முழுக்க கண்காணிக்கணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. என்னைக் கேட்டா அது சரியான எச்சரிக்கை, பத்து பதினைஞ்சு வருசம் இந்த மாதிரி விஷயத்துல பெரிய காலம் இல்ல.

விலை அமெரிக்காவுல 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர், அதான் அந்த 35 கோடி. இங்கிலாந்துல அறிவிச்ச விலை 28 லட்சம் பவுண்டு, அரசு ஆஸ்பத்திரி அமைப்பு 2022ல பேரம் பேசி, வெளியில சொல்லாத ஒரு தள்ளுபடியில வாங்கிக்குச்சு. நம்ம நாட்டுல அரிய நோய்களுக்கான தேசிய கொள்கைல ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் 50 லட்சம் வரைக்கும் உதவி, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. ஆனா இந்த தொழில்நுட்பமே நமக்கு எட்டாததுன்னு நினைக்காதீங்க, நம்ம வேலூர் சிஎம்சில ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியா ஏங்கிற வியாதி உள்ள 5 பேருக்கு இதே லென்டிவைரஸ், இதே ஸ்டெம் செல் வழியில ஜீன் சிகிச்சை குடுத்து 2024 டிசம்பர்ல முடிவ வெளியிட்டாங்க. வியாதி வேற, வழி ஒண்ணு.

இப்ப அந்த கிராபே குழந்தைங்க கதைக்கு திரும்ப வாங்க, அறிகுறிக்கு முன்னாடி, அறிகுறிக்கு பின்னாடி. எம்எல்டிலயும் அதேதான். புது செல் மூளைக்கு போய் வேலை தொடங்க மாசக்கணக்கு ஆகும், தடுமாற ஆரம்பிச்ச குழந்தைக்கு அந்த மாசங்கள் கிடையாது, போன மையலினும் பெருசா திரும்ப வராது. அதனால சின்ன வயசு வகைக்கு அறிகுறி வர்றதுக்கு முன்னாடி மட்டும்தான் இந்த மருந்து, கொஞ்சம் பெரிய பிள்ளைங்க வகைன்னா அறிகுறி லேசா தொடங்கின கட்டத்துல கூட குடுக்கலாம். ஆனா நல்லா ஓடி விளையாடுற குழந்தைக்கு இந்த வியாதி இருக்குன்னு யாருக்கு எப்படி தெரியும்? பொறந்த குழந்தையோட குதிகால்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்த காகிதத்துல எடுத்து அதுல சல்ஃபடைடு கூடி இருக்கான்னு பாக்கலாம், அப்புறம் என்சைம் பாத்து ஜீனும் பாத்து உறுதி பண்ணலாம். வெறும் என்சைம் மட்டும் பாத்தா ஏமாத்தும், ஏன்னா என்சைம் கம்மியா இருந்தும் வியாதியே வராத ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. பொறக்கிற எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கிற ஊர்கள் ரொம்ப கொஞ்சம். அது இல்லாத இடத்துல முன்கூட்டியே தெரிய வர்றது பெரும்பாலும் ஒரே ஒரு வழியிலதான், அந்த வீட்ல ஏற்கனவே ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோ வியாதி வந்திருக்கும், உடனே சின்னதுக்கும் டெஸ்ட் எடுப்பாங்க. மிலான் போன சின்ன குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க அப்படி வந்தவங்கதான்.

இவ்ளோவையும் குரூப்ல சுருக்கி போட்டேன். மத்தவங்க தம்ஸ் அப் போட்டாங்க. சித்தி ரொம்ப நேரம் கழிச்சு எழுதுனாங்க, "அப்ப அந்த மூத்த பிள்ளைக்கு என்னப்பா பண்ணுவாங்க?"

வலிப்புக்கு மருந்து குடுப்பாங்க, இறுகிப்போன தசை தளர்றதுக்கு மருந்து, பிசியோதெரபி, விழுங்க முடியாதப்ப வயித்துல டியூப் வச்சு சாப்பாடு, வலி தெரியாம பாத்துப்பாங்க. அத டைப் பண்ணி அனுப்பிட்டு ஃபோன கவுத்து வச்சுட்டேன்.